வெதெனோ மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யாவின் தென்கோடியில், வடக்குக் காகசஸ் மலைகளின் மடியில் இருக்கும் செச்சினியக் குடியரசின் மாவட்டங்களுள் ஒன்று வெதெனோ. 1990-களின் நாளிதழ்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் போர்ச் செய்திகளின் வழியாக மட்டுமே அறிமுகமாகியிருக்கும். அந்த அறிமுகம் பொய்யன்று; ஆனால் அது ஓர் ஊரின் வாழ்க்கையில் ஒரு பக்கம் மட்டுமே. இரு நூற்றாண்டுகளுக்குள் இந்த மண் பலமுறை எரிக்கப்பட்டது. ஒருமுறை முழுமையாகக் காலி செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதே மக்கள் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகளை, அந்த வரலாற்றை மனத்தில் வைத்தே இங்கே தந்திருக்கிறேன்.

வெதெனோ மாவட்டம் சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

செச்சினியாவின் தென்கிழக்கில், தாகெஸ்தான் குடியரசின் எல்லையை ஒட்டி இருக்கிறது. தலைநகர் குரோஸ்னியிலிருந்து தென்கிழக்காகச் சாலை வழியே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் சென்றால் மாவட்டத் தலைமையிடமான வெதெனோ கிராமத்தை அடையலாம். பரப்பளவு ஏறத்தாழ 956 சதுர கிலோமீட்டர். ரஷ்ய ஆட்சிமுறையில் ‘ராயோன்’ எனப்படும் இந்த அலகை நாம் ‘மாவட்டம்’ என்று மொழிபெயர்த்தாலும், மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் நம் வட்டத்தைவிடவும் சிறியதுதான். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 36,801. அதில் தலைமையிடத்தில் வசித்தவர்கள் 3,186 பேர் மட்டுமே. நகரம் என்று சொல்லத்தக்க ஊர் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை; தலைமையிடமும் ஒரு கிராமம்தான்.

2002-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டிய எண் 23,390. எட்டே ஆண்டுகளில் பதின்மூன்றாயிரம் பேர் கூடியதற்குப் பிறப்பு விகிதம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 2002-இல் போர் இன்னும் ஓயவில்லை. மலைக் கிராமங்களைச் சேர்ந்த பலர் சமவெளியிலும் அண்டைக் குடியரசுகளிலும் தங்கியிருந்தார்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பெருமளவுக்கு வீடு திரும்பியவர்களின் கணக்காகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நில அமைப்பு எப்படிப்பட்டது?

வடக்கே தாழ்வான குன்றுகளில் தொடங்கி, தெற்கே போகப் போக ஆந்தி மலைத்தொடரை நோக்கி உயர்ந்துகொண்டே செல்லும் நிலம் இது. கீழ்ப்பகுதியின் குன்றுகளைக் ‘கருமலைகள்’ என்பார்கள். அடர்ந்த பீச் (beech) மரக்காடுகள் தூரத்திலிருந்து பார்க்கும்போது கருப்பாகத் தெரிவதால் வந்த பெயர் அது. ஹுல்ஹுலாவ் என்னும் ஆறு மலைகளிலிருந்து வடக்கு நோக்கி இறங்கி வந்து, வெதெனோ பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. கிராமங்களும் சாலையும் பெரும்பாலும் இந்த ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டியே அமைந்திருக்கின்றன.

கராச்சோய் கிராமத்தைத் தாண்டியதும் காடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள கராமி கணவாயை அடைகிறது. அதற்கு அப்பால் மரமில்லாத புல்மேடுகள், ஆட்டு மந்தைகள், பாழடைந்த கல் வீடுகள், பழைய படிக்கட்டு வயல்களின் தடங்கள் ஆகியவை தொடங்கும். காட்டுக்குக் கீழே ஒரு வாழ்க்கை, காட்டுக்கு மேலே இன்னொரு வாழ்க்கை என்று இரண்டு உலகங்களாகவே இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இங்கே வாழ்பவர்கள் யார்? என்ன மொழி பேசுகிறார்கள்?

ஏறக்குறைய எல்லோருமே செச்சென் மக்கள். அவர்கள் தங்களை ‘நொக்சி’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். ‘செச்சென்’ என்பது சமவெளிக் கிராமம் ஒன்றின் பெயரிலிருந்து ரஷ்யர்கள் எடுத்துப் பரப்பிய பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர்களுடைய மொழி நாக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்குஷ் மொழியும், ஜார்ஜியாவில் மிகச் சிலர் மட்டுமே பேசும் பாட்ஸ் மொழியும் அதன் உறவுகள். ரஷ்ய மொழியோடும் துருக்கிய மொழிகளோடும் அதற்குப் பிறப்புவழி உறவு இல்லை. கடன் சொற்கள் மட்டுமே உண்டு.

மொழியில் ஆர்வமுள்ளவர்களுக்காக ஒரு செய்தி. செச்சென் மொழியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வினைச்சொற்கள் பலவற்றின் முதலெழுத்து அந்த வகுப்புக்கு ஏற்ப மாறும். வீட்டுக்கு வரும் ஆண் விருந்தினரை ‘மர்ஷ வோகீல’ என்று வரவேற்பார்கள்; பெண்ணாக இருந்தால் ‘மர்ஷ யோகீல’; பலர் சேர்ந்து வந்தால் ‘மர்ஷ தோகீல’. நாம் ‘வந்தான், வந்தாள், வந்தார்கள்’ என்று சொல்லின் வாலில் காட்டும் வேறுபாட்டை அவர்கள் சொல்லின் தலையில் காட்டுகிறார்கள். ‘மர்ஷ’ என்பதன் வேர்ப்பொருள் விடுதலை, அமைதி என்பது. ஆகவே இந்த வரவேற்பைச் ‘சுதந்திரமாக வாருங்கள்’ என்று பெயர்க்கலாம். எண்களும் இருபது இருபதாக எண்ணப்படுகின்றன. நாற்பதை ‘இரண்டு இருபது’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள்.

‘இச்கேரியா’ என்ற பெயருக்கும் இந்த மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு உண்டு. வெதெனோவும் அதற்குக் கிழக்கே உள்ள நோஜாய்-யுர்த்தும் அடங்கிய மலைக்காட்டுப் பகுதியைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் இச்கேரியா என்றார்கள். ‘உள்நாடு’ என்று பொருள்படும் குமிக் மொழிச் சொல்லிலிருந்து அது வந்ததாகக் கருதப்படுகிறது. செச்சென் மொழியில் இதே பகுதிக்கு ‘நொக்சி-மொக்’, அதாவது செச்சென் மக்களின் நிலம், என்று பெயர். 1990-களில் தனிநாடு கோரியவர்கள் தங்கள் குடியரசு முழுவதற்கும் இச்கேரியா என்று பெயர் சூட்டியபோது, ஒரு சிறு மலைப்பகுதியின் பெயர் உலகச் செய்திகளில் ஏறியது.

இமாம் ஷாமில் ஏன் வெதெனோவைத் தலைநகராகத் தேர்ந்தெடுத்தார்?

இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். ஷாமில் செச்சென் இனத்தவர் அல்லர். தாகெஸ்தானின் கிம்ரி ஊரில் 1797-இல் பிறந்த அவார் இனத்தவர். 1834-இல் இமாமாக, அதாவது மலைமக்களின் சமய, அரசியல் தலைவராக, பொறுப்பேற்று, ரஷ்யப் பேரரசை எதிர்த்து மலைமக்களைத் திரட்டினார். 1839-இல் அகுல்கோ என்னும் அவருடைய பாறைக்கோட்டை நெடிய முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது. அந்த முற்றுகையின்போது தம் மூத்த மகன் ஜமாலுத்தீனைப் பிணையாக ரஷ்யர்களிடம் ஒப்படைக்க நேர்ந்தது. கையில் எதுவுமின்றித் தப்பிய ஷாமிலுக்குச் செச்சென் மலைகள் புகலிடம் தந்தன. 1840-இல் அவர் செச்சென் மக்களின் தலைவராகவும் ஆனார். இந்த மாவட்டத்தில் உள்ள தார்கோ கிராமம் அவருடைய இருப்பிடமாயிற்று.

1845-இல் ரஷ்யத் தளபதி வொரந்த்சோவ் பெரும்படையோடு தார்கோவைப் பிடிக்க வந்தார். பிடித்தும்விட்டார், ஆனால் அவர் கண்டது, ஷாமிலின் ஆட்களே தீயிட்டுச் சென்றிருந்த ஊரை. படையின் கையிருப்பில் உணவு தீர்ந்துபோனது. வறுத்த ரொட்டியைக் கொண்டுவர அனுப்பப்பட்ட பிரிவு, பீச் மரங்களுக்கு நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையில் இரு பக்கங்களிலிருந்தும் சுடப்பட்டது. ரஷ்யப் படை வரலாற்றில் இது ‘ரொட்டிப் படையெடுப்பு’ என்றே பெயர் பெற்றது. வெட்டிச் சாய்த்த மரங்களே தடுப்பரண்களாகவும், மரக்கிளைகளே மறைவிடங்களாகவும் மலைவீரர்களுக்குப் பயன்பட்டன. இறந்தவர், காயமுற்றவர் எல்லாரையும் சேர்த்து 3,500-க்கு மேற்பட்டோரை இழந்த பிறகே வொரந்த்சோவின் படை சமவெளியை அடைந்தது.

அந்தப் படையெடுப்புக்குப் பிறகுதான் ஷாமில் வெதெனோவுக்கு இடம் மாறினார். அதை ‘புதிய தார்கோ’ என்றும் அழைத்தார்கள். ஆறுகள் அரித்த பள்ளங்களால் சூழப்பட்ட மேட்டுநிலம். முன்னால் காடு, பின்னால் தாகெஸ்தானுக்குச் செல்லும் கணவாய். செச்சென் தானியமும் தாகெஸ்தான் ஆட்பலமும் சந்திக்கும் இடம் அது. காக்கும் கோட்டையாகக் காட்டையே ஷாமில் கருதினார். அனுமதியின்றி மரம் வெட்டியவர்களுக்கு அபராதம் விதித்தார். எதிர்த்தரப்பும் அதே பாடத்தைக் கற்றுக்கொண்டது. வீரர்களை அனுப்பிச் சண்டையிடுவதைக் குறைத்து, கோடரிக்காரர்களை அனுப்பி ஆண்டுதோறும் காட்டை அகல அகலமாக வெட்டித் தள்ளினார்கள். காடு விலக விலக, வெதெனோவும் வெட்டவெளிக்கு வந்தது. 1859 ஏப்ரலில் தளபதி யெவ்தொக்கிமோவ் அதைக் கைப்பற்றினார். அதே ஆண்டின் கோடை முடிவில் குனிப் மலையில் ஷாமில் சரணடைந்தார். வெதெனோவில் ரஷ்யர்கள் கட்டிய கற்கோட்டையின் சுவர்கள் பிற்காலப் போர்களையும் கண்டன.

ஜார்ஜிய இளவரசிகள் இங்கே சிறைவைக்கப்பட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1854-இல் ஷாமிலின் ஆட்கள் ஜார்ஜியாவின் கஹேத்தி பகுதிக்குள் இறங்கி, த்சினந்தாலி மாளிகையைத் தாக்கி, ஆன்னா சாவ்ச்சவாத்சே, வர்வாரா ஒர்பெலியானி ஆகிய இரு இளவரசிகளையும், அவர்களுடைய குழந்தைகளையும், பிரெஞ்சு ஆசிரியை ஒருவரையும் கவர்ந்து வந்தார்கள். ஏறத்தாழ எட்டு மாதங்கள் அவர்கள் வெதெனோவில் ஷாமிலின் குடும்பப் பெண்கள் வாழ்ந்த முற்றத்தை ஒட்டிய சிறு அறையில் அடைபட்டிருந்தார்கள்.

1855 மார்ச்சில் மீச்சிக் ஆற்றங்கரையில் கைதிகள் மாற்றப்பட்டார்கள். பதிலுக்கு ஷாமில் பெற்றது 40,000 வெள்ளி ரூபிள்களையும், பதினாறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மகனையும். ஜமாலுத்தீன் அதற்குள் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்து, ரஷ்யப் படை அதிகாரியாக மாறியிருந்தார்; தாய்மொழியை ஏறக்குறைய மறந்திருந்தார். ஆற்றைக் கடக்கும் முன் ரஷ்யச் சீருடையைக் கழற்றிவிட்டு மலைநாட்டு உடையை அணிய வேண்டியிருந்தது. தந்தையின் உலகத்தில் அவரால் ஒட்ட முடியவில்லை. சமாதானம் பேசுமாறு தந்தையை வேண்டினார். 1858-இல் காசநோயால் இறந்தார். அந்த நெடும்போரின் விலையை எனக்கு உணர்த்துவது எந்தப் போர்க்களக் கணக்கையும்விட இந்த இளைஞனின் கதைதான்.

செலிம்கான் யார்?

கராச்சோய் கிராமத்தில் 1872-இல் பிறந்தவர். இரத்தப்பழி வழக்கு ஒன்றில் சிறைக்குச் சென்று, 1901-இல் குரோஸ்னி சிறையிலிருந்து தப்பி, மலைகளில் மறைந்து வாழும் ‘அப்ரெக்’ ஆனார். அரசு அலுவலர்களைத் தாக்கினார். 1910-இல் கிஸ்லியார் நகரக் கருவூலத்தைக் கொள்ளையடித்தார். அவருக்கு அடைக்கலம் தந்ததாகக் கருதப்பட்ட கிராமங்கள் தண்டிக்கப்பட்டன. ஏழை மக்களோ அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். 1913-இல் சாலி அருகே, நோயுற்றுப் படுத்திருந்த நிலையில் சுற்றி வளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரை வீரர் என்பதா கொள்ளையர் என்பதா என்ற விவாதம் செச்சினியாவில் இன்னும் முடியவில்லை. கராச்சோயில் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வெதெனோ இன்னொரு முறையும் தலைநகராக இருந்ததா?

சில மாதங்களுக்கு இருந்தது. ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது, 1919 செப்டம்பரில், முதிய சமயத்தலைவரான உசூன்-ஹாஜி வடக்குக் காகசஸ் அமீரகத்தை அறிவித்து, வெதெனோவைத் தலைநகராக்கினார். தளபதி தெனீக்கினின் வெள்ளைப்படையை (போல்ஷெவிக் எதிர்ப்புப் படை) எதிர்த்த அந்த அரசு அமைச்சரவை அமைத்தது. தனக்கென்று காகிதப் பணமும் அச்சிட்டது. 1920-இல் உசூன்-ஹாஜி இறந்தார், செஞ்சேனை வந்தது, அமீரகம் மறைந்தது.

1944-இல் இங்கே என்ன நடந்தது?

1944 பிப்ரவரி 23 அன்று, ஸ்டாலின் அரசின் ஆணைப்படி, செச்சென், இங்குஷ் மக்கள் அனைவரையும் நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கியது. ஜெர்மானியரோடு ஒத்துழைத்தார்கள் என்பது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. கைக்குழந்தை முதல், போர்முனையில் செஞ்சேனைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த வீரனின் தாய் வரை எவருக்கும் விலக்கு இல்லை. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கசகஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள். மலைக் கிராமங்களிலிருந்து முதலில் பனியில் நடந்தே இறங்க வேண்டியிருந்தது. பயணத்திலும், முதல் சில குளிர்காலங்களின் பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் பெருந்தொகையானோர் இறந்தார்கள். இதை வெறும் ‘இடமாற்றம்’ என்று எழுதும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2004-இல் இதை இனப்படுகொலை என்று குறிப்பிட்டது.

செச்சென்-இங்குஷ் குடியரசு கலைக்கப்பட்டு, அதன் நிலம் அண்டைப் பகுதிகளுக்குப் பங்கிடப்பட்டது. வெதெனோ தாகெஸ்தானோடு சேர்க்கப்பட்டது. காலியான வீடுகளை நிரப்புவதற்காகத் தாகெஸ்தானின் உயர்மலைக் கிராமங்களிலிருந்து ஆந்தி, அவார் உள்ளிட்ட இனத்தவர்கள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களும் விரும்பி வந்தவர்கள் அல்லர். தங்கள் ஊரை மறந்துவிடும்படி ஆணையிடப்பட்டவர்கள்தாம். ஒரு மக்களை விரட்டிவிட்டு, அந்த வீட்டு அடுப்பின் முன் இன்னொரு மக்களை உட்கார வைத்த கொடுமை இது. அடுப்பில் தீ அணைந்து சில வாரங்களே ஆகியிருந்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1957 ஜனவரியில் குடியரசு மீண்டும் அமைக்கப்பட்டது. அனுமதி கிடைக்கும் முன்பே பல குடும்பங்கள் ரயில் ஏறிவிட்டன. கசகஸ்தானில் இறந்த உறவினர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, மூட்டையிலும் பெட்டியிலும் வைத்துக் கொண்டுவந்து, ஊர் மயானத்தில் புதைத்தவர்கள் பலர். மயானங்களுக்கும் சேதம் நேர்ந்திருந்தது. கல்லறைக் கற்களைப் பெயர்த்தெடுத்துக் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். குடியேற்றப்பட்டிருந்த தாகெஸ்தான் மக்கள் மறுபடியும் வண்டி ஏற வேண்டியதாயிற்று. அவர்களில் பலருக்குப் பழைய மலைவீடுகளும் இல்லாமல் போயிருந்ததால், தாகெஸ்தானின் சமவெளியில் குடியமர்த்தப்பட்டார்கள்.

மேல்மலைக் கிராமங்கள் ஏன் இன்றும் பாழடைந்து கிடக்கின்றன?

1957-இல் திரும்பியவர்களுக்கு எல்லா இடங்களும் திறந்துவிடப்படவில்லை என்பதே முதன்மைக் காரணம். கணவாய்க்கு அப்பால் உள்ள செபெர்லோய் பகுதிக்குத் திரும்ப அதிகாரிகள் இடம் தரவில்லை. மக்களைச் சமவெளியில் குடியேறச் சொன்னார்கள். இதனால் மக்காஜோய், ஹோய் போன்ற பழைய ஊர்களின் மக்கள் தங்கள் சொந்தக் குடியரசிலேயே ஊரற்றவர்கள் ஆனார்கள். சமவெளியில் பிறந்து வளர்ந்த பேரனும் ‘நான் செபெர்லோய்க்காரன்’ என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான்.

ஹோய் என்ற பெயருக்கே ‘காவலர்கள்’ என்று பொருள். தாகெஸ்தான் பக்கத்திலிருந்து வரும் படைகளைக் கண்காணித்து, அடுத்த கோபுரத்துக்குச் செய்தி அனுப்பிய எல்லைக் கிராமம் அது. பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் அதன் காவற்கோபுரத்தில், கல்லில் செதுக்கிய பழைய குறிகளை இன்றும் காணலாம். சமீப ஆண்டுகளில் இந்த ஊரின் கட்டடங்கள் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. சீரமைப்பு வரவேற்கத்தக்கது, ஆனால் பார்வையாளர்கள் வருவதும் குடும்பங்கள் குடியேறுவதும் ஒன்றல்ல.

1990-களின் போர்களில் இந்த மாவட்டத்தின் பங்கு என்ன?

தனிநாடு கோரியவர்களுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே நடந்த முதல் போரில், குரோஸ்னி வீழ்ந்த பிறகு செச்சென் படைகள் பின்வாங்கிய இடங்களுள் வெதெனோ முதன்மையானது. 1995 ஜூன் தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் அதைக் கைப்பற்றின. தளபதி ஷாமில் பசாயெவ் இந்த மாவட்டத்தின் திஷ்னே-வெதெனோவைச் சேர்ந்தவர். குண்டுவீச்சில் அவருடைய உறவினர்கள் பலர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்குள் அவர் புத்யோனொவ்ஸ்க் நகர மருத்துவமனையில் நோயாளிகளையும் பொதுமக்களையும் பிணைவைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பின்னாளில் 2004-இல் பெஸ்லான் பள்ளித் தாக்குதலுக்கும் அவர் பொறுப்பேற்றார். சொந்த இழப்பு எதுவானாலும் குழந்தைகளையும் நோயாளிகளையும் குறிவைத்த செயல்களை எந்த நியாயமும் மறைக்க முடியாது. ஒருவர் பிறந்த ஊர் என்பதற்காக அந்த ஊரையே குற்றவாளியாகப் பார்ப்பதும் அதே அளவு தவறு.

1999 ஆகஸ்டில் பசாயெவும் அரபுப் போராளித் தளபதி ஹத்தாபும் ஆயுதக் குழுக்களோடு இங்கிருந்து தாகெஸ்தானின் போத்லிக் பகுதிக்குள் நுழைந்தார்கள். இரண்டாவது போருக்கு அது ஒரு தொடக்கப்புள்ளி ஆனது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் கிராம மக்கள். அதே ஆண்டு அக்டோபரில் எலிஸ்தான்ஜி கிராமத்தின் மீது நடந்த விமானத் தாக்குதலில் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். 2000 மார்ச் இறுதியில் ஜானி-வெதெனோ அருகே, பெர்ம் நகரிலிருந்து வந்திருந்த ரஷ்யச் சிறப்புக் காவலர்களின் அணி பதுங்கித் தாக்கப்பட்டது. காட்டுக்குள் மோதல்கள் மேலும் பல ஆண்டுகள் நீடித்தன. ‘பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை’ முடிந்ததாக மாஸ்கோ 2009 ஏப்ரலில் அறிவித்தது. அந்த ஆண்டுகளில், போராளிகளோடு சேரக் காட்டுக்குப் போன இளைஞர்களின் பெற்றோரது வீடுகள் எரிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

கெசெனோய்-ஆம் ஏரியின் சிறப்பு என்ன?

செச்சென் மொழியில் ‘ஆம்’ என்றால் ஏரி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், வெதெனோ மாவட்டமும் தாகெஸ்தானின் போத்லிக் மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. வடக்குக் காகசஸின் உயர்மலை ஏரிகளுள் இதுவே பெரியது. ஆழம் 70 மீட்டருக்கு மேல். நிலநடுக்கத்தால் சரிந்த மலை, ஆற்றை மறித்ததால் உண்டானது. ஓடைகள் வந்து சேர்கின்றன. வெளியேறும் ஆறு கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத டிரவுட் மீன் வகை ஒன்று இங்கே உண்டு; பிற்காலத்தில் ஏரிக்குள் விடப்பட்ட வேறு மீன்களால் அதற்கு ஆபத்து ஏற்பட்டிருக்கிறது. சோவியத் காலத்தில் படகுப்போட்டி வீரர்கள் இங்கே பயிற்சி பெற்றார்கள். இப்போது கரையில் விடுதிகள் எழுந்திருக்கின்றன.

ஏரியைப் பற்றி ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஏரி இருக்கும் இடத்தில் முன்பு செல்வச் செழிப்பான ஊர் இருந்ததாம். களைத்து வந்த ஏழை விருந்தாளிக்கு ஒரு வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை; ஓர் ஏழைப்பெண் மட்டும் கதவைத் திறந்து, இருந்ததைப் பகிர்ந்தாள். அன்றிரவே ஊர் நீருக்குள் போயிற்று. அவளுடைய குடும்பம் மட்டும் தப்பியது. விருந்தோம்பலை இவ்வளவு உயர்வாக மதிக்கும் மக்களிடம் இப்படி ஒரு கதை பிறந்ததில் வியப்பில்லை.

மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்?

மாடு, ஆடு, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், தேன் ஆகியவைதான் அடிப்படை. தொழிற்சாலை என்று ஏதும் பெரிதாக இல்லை. அரசுச் சம்பளமும் ஓய்வூதியமும் பல வீடுகளைத் தாங்குகின்றன. இளைஞர்கள் வேலை தேடிக் குரோஸ்னிக்கும் ரஷ்யாவின் மற்ற நகரங்களுக்கும் போகிறார்கள்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மட்டும் வேறொரு வருமானம் வரும். பீச் மரங்களின் அடியில், பனி முழுதாக உருகும் முன்பே முளைவிடும் காட்டுப்பூண்டுதான் அது. செச்சென் மொழியில் ‘ஹொன்க்’ என்பார்கள். ஈர மண்ணைக் கிளறி, வெள்ளைத் தண்டு ஒடியாமல் குமிழோடு எடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு தண்டாக எடுத்து, வேரைக் கிள்ளி, மண் ஒட்டிய மேல்தோலை உரித்து, பல தண்ணீரில் அலச வேண்டும். விரல்களில் ஏறிய மணம் நாள்கணக்கில் போகாது. உப்புநீரில் வேகவைத்து, வடித்து, வெண்ணெயில் வதக்கிச் ‘சிஸ்கால்’ எனும் சோள ரொட்டியோடு சாப்பிடுவார்கள். மீதி கட்டுக்கட்டாகக் குரோஸ்னிச் சந்தைக்குப் போகும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், இந்தக் கீரைக்காகக் காட்டுக்குள் போனவர்கள் கண்ணிவெடியில் சிக்கிய செய்திகள் வசந்தம்தோறும் வந்தன. வேறு வருமானம் இல்லாத வீடுகள் அது தெரிந்தும் போகவேண்டியிருந்தது.

விருந்து என்றால் ‘ஜீஜிக்-கால்நாஷ்’: வேகவைத்த இறைச்சி, மாவுருண்டைகள், பூண்டுச் சாறு, கிண்ணத்தில் சூடான இறைச்சிக் குழம்பு. அன்றாடம் என்றால் தயிர்க்கட்டியும் வெண்ணெயும் கலந்த தொட்டுகையோடு சோள ரொட்டி.

சமய வாழ்க்கை எப்படிப்பட்டது?

சுன்னி இஸ்லாம், ஷாஃபி மத்ஹப் (சமயச் சட்ட மரபு). நக்ஷபந்தி, காதிரி என்னும் இரு சூஃபி மரபுகளும் ஆழமாக வேரூன்றியவை. ஷாமிலின் போர் இறுதிக்கட்டத்தை அடைந்த காலத்தில், ‘போதும் இந்தச் சாவு’ என்று சமாதானத்தைப் போதித்தவர் சூஃபி குருவான குந்தா-ஹாஜி கிஷியெவ். அவரைக்கூட ரஷ்ய அரசு 1864 ஜனவரியில் கைது செய்து வடக்கே நாடுகடத்தியது. 1867-இல் அங்கேயே இறந்தார். அவருடைய அடக்கத்தலம் எதுவென்று யாருக்கும் தெரியாததால், அன்பர்களின் வருகையெல்லாம் அவருடைய தாய் ஹேதாவின் அடக்கத்தலத்தை நோக்கித் திரும்பியது. அது இந்த மாவட்டத்தின் குனி கிராமத்துக்கு அருகில், மலைமேல் இருக்கிறது. செச்சினியாவின் மிக முக்கியமான ஜியாரத் தலங்களுள் (மக்கள் நாடிச் செல்லும் புனித அடக்கத்தலங்களுள்) அது ஒன்று. வட்டமாகச் சுற்றி வந்து, கைதட்டி, உரத்த குரலில் திக்ர் (இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல்) செய்யும் காதிரி வழக்கம் இந்தக் கிராமங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வெளியார் செல்லலாமா?

ரஷ்ய விசா தேவை. குரோஸ்னியிலிருந்து வெதெனோ, கராச்சோய் வழியாக ஏரி வரை நல்ல சாலை இருக்கிறது. குளிர்காலத்தில் கணவாய்ப் பகுதியில் பனி மறிக்கலாம். செச்சினியாவுக்குப் போக வேண்டாம் என்று பல நாட்டு அரசுகள் தம் குடிமக்களுக்கு அறிவுறுத்துகின்றன. அதைப் படித்துவிட்டு முடிவெடுப்பதே முறை. அரசியல் பேச்சு, உங்களுக்கு ஆபத்து இல்லாவிட்டாலும், உங்களிடம் பேசியவருக்கு ஆபத்தாகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அடக்கமான உடை அணிய வேண்டும். ஜியாரத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும். மது கொண்டுபோகக் கூடாது. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. முதியவர் ஒருவர் அறைக்குள் வந்தால், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். விருந்தினரும் எழ வேண்டும். அவர் உட்கார்ந்து, கையசைத்து, உட்காரச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். சாப்பாடு வந்ததும் முதல் துண்டு விருந்தினருக்கே. வீட்டுக்காரர் தாம் சாப்பிடுவதற்கு முன், விருந்தினர் எடுப்பதற்காகக் காத்திருப்பார்.